போன ஆலை, வந்த ஆலை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்றொரு சிறு நகரம். அங்கே இயங்கிவந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்றைச் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் 1983-84இல் இயந்திரங்களோடு பெயர்த்தெடுத்துக் கொடைக்கானலில் கொண்டுவந்து நிறுத்தியது. பாதரசத்தின் நச்சு பற்றி அமெரிக்காவில் அச்சமும் கட்டுப்பாடும் வளர்ந்துவந்த காலம் அது. பாதரசமும் கண்ணாடியும் அங்கிருந்து வந்தன. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. மலைமேல் தங்கியது கழிவு.

அதே பத்தாண்டில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. வேலை மெக்சிகோவுக்குப் போனது. அங்கே கூலி குறைவு, காரணம் அவ்வளவுதான்.

ஃபிளின்ட் ஆலை போன ஊர். கொடைக்கானல் ஆலை வந்த ஊர். இரண்டு ஊர்களும் தம்மைக் கைவிட்ட முதலாளியைப் பற்றி ஆளுக்கொரு நையாண்டியைப் பெற்றெடுத்தன. ஃபிளின்ட்டில் பிறந்தது மைக்கேல் மூரின் ‘ரோஜர் அண்ட் மீ’ என்ற ஆவணப்படம், 1989. கொடைக்கானலுக்காகப் பிறந்தது சோஃபியா அஷ்ரஃபின் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாடல், 2015. ஒன்று ஒன்றரை மணி நேரப் படம், மற்றது சில நிமிடக் காணொளி. அளவில் ஒப்பே இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே கதையின் இரு முனைகளிலிருந்து எழுந்தவை. அமெரிக்கத் தொழிலாளி இழந்த வேலை காற்றில் கரைந்துவிடவில்லை. வேறொரு நாட்டு மலையிலோ எல்லையோரத்திலோ போய் இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கணக்கும் தெரியும்.

இவற்றை நான் வைத்துப் பார்க்கும் இடம் கெலவரப்பள்ளி. ஓசூருக்கு அருகே, தென்பெண்ணையின் குறுக்கே அணை நிற்கும் ஊர். ஒரு பக்கம் 1970களிலிருந்து வளர்ந்த சிப்காட் தொழிற்பேட்டைகள், மறுபக்கம் கர்நாடக எல்லை, நடுவில் நுரை பொங்கும் ஆறு. மேலே சொன்ன இரு நையாண்டிகளும் எதைச் சாதித்தன, எதில் தோற்றன என்று கேட்பதற்கு இந்த ஊர் பொருத்தமானது. ஏனென்றால் இங்கே குறை இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஆனால் அந்தக் கோபத்துக்கு இன்னும் ஒரு பாட்டோ படமோ வாய்க்கவில்லை.

முதலில் படம்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் ஃபிளின்ட்டில்தான் பிறந்தது. 1936 டிசம்பர் 30 அன்று அங்கே தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் தொடங்கி, 44 நாள் நகராமல் இருந்து, கார்த் தொழிலாளர் சங்கத்துக்கு நிர்வாகத்தின் அங்கீகாரத்தை வாங்கினார்கள். அமெரிக்கத் தொழிலாளி சொந்த வீடு, கார், ஓய்வூதியம் என்று நிமிர்ந்து வாழ்ந்த காலத்தின் வாசல் அந்த 44 நாள். மூரின் தந்தை அதே நிறுவனத்தின் ஸ்பார்க் பிளக் ஆலையில் வேலை பார்த்தவர். ஆகவே மூர் வெளியூர்ப் பத்திரிகையாளராக வந்து படம் எடுக்கவில்லை. தன் தெரு, தன் சொந்தக்காரர்கள், தன்னோடு படித்தவர்கள் மத்தியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். படம் எடுக்கப் பணமில்லாமல் வீட்டை விற்றார், பிங்கோ ஆட்டம் நடத்திக் காசு சேர்த்தார்.

படத்தின் கதை எளிமையானது. நிறுவனத்தின் தலைவர் ரோஜர் ஸ்மித்தைச் சந்தித்து, ஒரு நாள் ஃபிளின்ட்டுக்கு வந்து வேலை போனவர்களைப் பாருங்கள் என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான் மூரின் ஆசை. டெட்ராயிட்டில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகிறார். மேல்மாடிக்கு விடமாட்டோம் என்கிறார்கள். உங்கள் விசிட்டிங் கார்டைக் கொடுங்கள் என்று கேட்டதும், குழந்தைகள் போகும் ஒரு பீட்சாக் கடையின் அட்டையை எடுத்து நீட்டுகிறார். பணக்காரர்களின் கிளப்புகளுக்குப் போகிறார், அங்கேயும் தலைவர் இல்லை. பங்குதாரர் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடிக்கிறார், மைக் அணைகிறது. பருத்த உடம்பு, பேஸ்பால் தொப்பி, நிதானமான குரல். அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நாம், கதவு ஒவ்வொன்றாக அடைபட அடைபட, கதவுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஃபிளின்ட்டின் பணக்காரர்கள் அந்தக் காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதையும் மூர் காட்டுகிறார். பழங்காலக் கோலத்தில் ஒரு தோட்ட விருந்து நடக்கிறது. விருந்துக்கு அழகு சேர்க்க, வேலையில்லாதவர்களைக் கூலிக்கு அமர்த்தி, அசையாத சிலைகளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நகரத்தில் குற்றம் பெருகியதால் புதிய சிறை கட்டுகிறார்கள். அதன் திறப்பு நாளில் வசதியுள்ள தம்பதிகள் 100 டாலர் கட்டி ஓர் இரவு உள்ளே தங்கி வேடிக்கை பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்றும் எழுத்தாளர் கற்பனையில் செய்ததில்லை. மூர் செய்ததெல்லாம் கேமராவைத் திருப்பியதுதான்.

படத்தின் உச்சம் ஒரு கிறிஸ்துமஸ். ரோஜர் ஸ்மித் மேடையில் நின்று டிக்கன்ஸை மேற்கோள் காட்டி அன்பைப் பற்றி உரையாற்றுகிறார். அந்தக் குரல் தொடர்ந்து ஒலிக்க, திரையில் ஃபிளின்ட்டில் வாடகை கட்ட முடியாத குடும்பத்தின் சாமான்களையும் கிறிஸ்துமஸ் மரத்தையும் ஷெரிஃபின் ஆள் தெருவில் கொண்டுவந்து போடுகிறார். இந்த இரண்டையும் ஒட்டவைத்த வெட்டு ஒன்றுக்காகவே அந்தப் படத்தை நூறு முறை பார்க்கலாம்.

இனிப் பாட்டு.

கொடைக்கானல் ஆலையில் என்ன நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். செஸ்பரோ-பாண்ட்ஸை 1987இல் யூனிலீவர் வாங்கியது. பிறகு ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. உடைந்த தெர்மாமீட்டர், பாதரசம் ஒட்டிய கண்ணாடி எல்லாம் சாக்கில் கட்டிப் பழைய சாமான் கடைக்குப் போயின. ஆலைக்குப் பின்சரிவில் பாம்பார் சோலை. உள்ளே வேலை செய்தவர்கள் சொன்னது இது: வெறுங்கையால் பாதரசத்தைக் கையாண்டோம், அதன் ஆபத்தை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை, அதே துணியோடு வீட்டுக்குப் போனோம். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கடை ஒன்றில் 7.4 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவு குவிந்துகிடப்பதைக் கிரீன்பீஸும் உள்ளூர் மக்களும் வெளியே கொண்டுவந்தார்கள். சுமார் நானூறு பேர் ஊர்வலம் போனார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வளர்ந்த நாட்டின் நச்சு ஏழை நாட்டுக்கு வந்த கதைகள் ஏராளம். திரும்பிப் போன கதை மிக அரிது. தமிழ்நாட்டுச் சூழலியல் போராட்டங்களின் வரலாற்றில் இதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கழிவு போனது. தொழிலாளர்கள் அங்கேயே இருந்தார்கள், நோயோடு. முன்னாள் பாதரசத் தொழிலாளர்களின் நலச்சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்று ஆய்வுகள் சொல்வதாக நிறுவனம் கடைசி வரை கூறிவந்தது. ஆண்டுகள் ஓடின.

2015 ஜூலை 30 அன்று காணொளி வந்தது. சோஃபியா அஷ்ரஃப் சென்னைப் பெண். போபால் விஷவாயுக் கொடுமைக்காக டவ் நிறுவனத்தைச் சாடி ஏற்கெனவே ராப் பாடியவர். அந்த ஆண்டு உலகமெங்கும் தெரிந்திருந்த நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ பாட்டின் மெட்டை எடுத்து, அதில் கொடைக்கானலின் கதையை வைத்தார். கேளிக்கைக்குப் பிறந்த மெட்டு, ஆட்டம், அதன் மேல் நச்சுக் கழிவும் இழப்பீட்டுக் கோரிக்கையும். காட்டுக்குள் ஆடுகிறார்கள், கோரிக்கை வைக்கிறார்கள், நிறுவனத்தின் பெயரை நேராகச் சொல்கிறார்கள். காணொளியின் முடிவில் பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது: நிறுவனத்தின் அன்றைய உலகத் தலைவர் பால் போல்மனுக்குச் செய்தி அனுப்புங்கள். சில நாட்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே பகிர்ந்தார். போல்மன் பதில் எழுதும்படி ஆனது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லித்தான் பணம் கொடுத்தது. ஆனால் கொடுத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் தீர்ப்பு எளிது: படம் தோற்றது, பாட்டு வென்றது. மூரின் படத்தை வார்னர் பிரதர்ஸ் 30 லட்சம் டாலருக்கு வாங்கியது, உலகம் சிரித்தது, 2013இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். ஃபிளின்ட்டில் மூடிய ஆலைகள் திரும்பவில்லை. 1960இல் ஏறக்குறைய 1.97 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 2020 கணக்கெடுப்பில் 81 ஆயிரமாகச் சுருங்கியது. பாட்டு வந்த ஏழெட்டு மாதத்தில் 591 குடும்பங்களுக்கு வழி பிறந்தது.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பாட்டு அவ்வளவு வேகமாகச் சாதித்ததற்குக் காரணம் அது பதினான்கு ஆண்டு உழைப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. பழைய சாமான் கடையில் கழிவைக் கண்டுபிடித்தவர்கள், ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவச் சீட்டையும் சேர்த்து வைத்த சங்கத்துக்காரர்கள், மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்தவர்கள், நித்யானந்த் ஜெயராமன் போல விடாமல் எழுதிக்கொண்டே இருந்தவர்கள், மலையிலிருந்து இறங்கி வழக்கு நாளுக்கு உயர் நீதிமன்றம் வந்துபோன நோயாளிகள். அத்தனை பேரும் அடுக்கி வைத்த விறகில் பாட்டு நெருப்பு வைத்தது. மூரின் பின்னால் அப்படி ஓர் அடுக்கு இருக்கவில்லை. 1937இல் ஆலைக்குள் உட்கார்ந்து வென்ற சங்கம் 1980களில் வேலையைக் காப்பாற்றுவதற்காக விட்டுக்கொடுத்தபடியே பின்வாங்கிக்கொண்டிருந்தது. மூர் தனி ஆளாகக் கதவைத் தட்டினார். படத்தில் வரும் தொழிலாளர்களும் தனித்தனி ஆட்களே. முயலை வளர்த்து, செல்லப்பிராணியாகவும் கறியாகவும் விற்றுப் பிழைக்கும் ஒரு பெண் வருகிறார். அவர் முயலை அடித்து உரிக்கும் காட்சியை மறக்க முடியாது. ஆனால் அவரோடு சேர்ந்து நிற்க யாரும் திரையில் இல்லை.

அந்தக் காட்சியில்தான் படத்தின் பெரிய சிக்கலும் இருக்கிறது. அரங்கில் அப்போது எழும் சிரிப்பு யார் மேல் விழுகிறது? ரோஜர் ஸ்மித் மேலா, அந்தப் பெண் மேலா? நியூயார்க்கர் இதழின் புகழ்பெற்ற விமர்சகர் பாலின் கேல் இந்தக் கேள்வியை எழுப்பிப் படத்தைக் கடுமையாகச் சாடினார். ஏழைகளைக் காட்டி நகரத்து மேல்தட்டைச் சிரிக்க வைப்பது முதலாளிக்கு எதிரான வேலையாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. முயல் வளர்க்கும் பெண்ணிடம் நான் கண்டது துணிச்சல், சிரிப்பு வரவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வரும் என்பதை மறுக்க முடியாது. இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: நிகழ்வுகளின் வரிசையை மூர் மாற்றிவிட்டார். ஃபிளின்ட்டின் ஆட்டோவேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா 1984இல் திறந்து 1985 தொடக்கத்திலேயே மூடப்பட்டது. பெரிய ஆலைமூடல் அறிவிப்பு வந்தது 1986இல். படத்தில் பார்ப்பவருக்கு, வேலை போன பிறகு நகராட்சி பூங்கா கட்டிப் பார்த்ததுபோலத் தோன்றும். முதலாளியைக் குற்றம் சாட்ட வருபவர் தேதியை நகர்த்தினால், அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டே எதிராளி தப்பிவிடுவார். மூரிடம் இருந்த உண்மைக்கு இந்த உதவி தேவையே இல்லை.

பாட்டு இந்த இரண்டு வலையிலும் சிக்கவில்லை. சிரிப்பு முழுக்க நிறுவனத்தின் மேலேயே விழுகிறது. சொன்ன தகவல்களும் ஏற்கெனவே ஆவணத்தில் இருந்தவை. ஆனால் பாட்டில் இல்லாத ஒன்று படத்தில் இருக்கிறது. ஒரு தொழிலாளியின் நாள் எப்படி விடிந்தது, எப்படி முடிந்தது என்பது பாட்டைக் கேட்டால் தெரியாது. மெட்டுக்குள் அவ்வளவு இடம் இல்லை. ஃபிளின்ட்டின் மனிதர்களை நாம் முகம் முகமாக அறிகிறோம். கொடைக்கானலின் 591 பேர் நமக்கு ஓர் எண்ணாகவே தங்கிவிட்டார்கள். அவர்கள் பேசிய தமிழிலும் பாட்டு இல்லை, ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. லண்டனில் உட்கார்ந்திருப்பவரின் காதில் விழ வேண்டிய பாட்டு அது, அவர் மொழியில்தான் இருக்க வேண்டும். யாரைக் குத்த வேண்டுமோ அவருக்குப் புரிய வேண்டும் என்பது நையாண்டியின் முதல் விதி.

இந்த விதியை ஔவையார் நன்றாக அறிந்திருந்தார். தகடூர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனவர், அவன் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மினுக்கி மாலை சூட்டி வைத்த ஆயுதங்களைப் பார்த்துப் புகழ்வதுபோலப் பாடினார்; எங்கள் தலைவனின் வேல்களோ போரில் முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. போர் என்றால் என்ன என்று தெரியாதவன் நீ என்பதை, முகத்துக்கு நேரே, புகழ்ச்சியின் மொழியில் சொன்ன துணிச்சல் அது. தகடூர் இன்றைய தருமபுரி. ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதி. நம் மண்ணின் நையாண்டிக்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது. ஔவைக்கு ஒரு வசதி இருந்தது: தொண்டைமான் எதிரே உட்கார்ந்திருந்தான். மூருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை, கிடைக்காததையே படமாக்கினார். சோஃபியா தொலைவிலிருந்து கூப்பிட்டார், கேட்டது. மூன்று பேருக்கும் ஒரு முகம் இருந்தது, ஒரு பெயர் இருந்தது.

கெலவரப்பள்ளியில் எந்த முகத்தைப் பார்த்துப் பாடுவது?

அணையின் உயரம் 44.28 அடி. இடது, வலது கால்வாய்கள் வழியே சுமார் 8,000 ஏக்கருக்குப் பாசனம். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் புறத்தைத் தொட்டு, கொடியாலம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிநீர் அதில் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. அந்தத் தண்ணீர்தான் இங்கே வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் நுரை பொங்கும். பாறையில் மோதி எழும்பும்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்; வெள்ளை என்று தூரத்தில் தோன்றும், கிட்டே போனால் சாம்பலும் பழுப்பும் கலந்திருக்கும். காற்றடித்தால் கட்டி கட்டியாகப் பிய்ந்து பறந்து, கரையோரத் தோட்டத்தின் முட்டைகோஸ் இலையில் உட்காரும். வெயில் ஏறியதும் வற்றி, இலைமேல் ஒரு கறை மட்டும் மிஞ்சும். நாற்றம் உடையில் ஏறிவிடும். தட்டிகானப்பள்ளித் தரைப்பாலத்தை நுரை மூடி, சாலையே தெரியாமல் போக்குவரத்தை நிறுத்திய நாட்களும் உண்டு.

கால்வாய் ஓரத்தில் தக்காளியும் ரோஜாவும் போடும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “பெங்களூர்லேர்ந்து வருதுங்கறாங்க. பெங்களூர்ல யாரு சார்? ஒரு கோடிப் பேர் இருக்காங்க. நான் யார்கிட்டப் போய் நிக்கறது?”

அவர் கேட்டது சரி. நுரைக்குக் காரணம் சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடை, சோப்புநீர், ஆலைக்கழிவு எல்லாம் சேர்ந்தது. கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டால் ஒரு பதில், தமிழ்நாட்டு வாரியத்தைக் கேட்டால் ஒரு பதில், பசுமைத் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கு. குற்றவாளி ஒருவர் என்றால் கூண்டில் ஏற்றலாம். ஆயிரம் குழாய்கள் என்றால் ஒவ்வொரு குழாயும் அடுத்த குழாயைக் காட்டும்.

வேலையிலும் அப்படித்தான். ஓசூர்ச் சுற்றுவட்டாரத்தில் லாரி, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம், இப்போது செல்பேசிப் பாகங்கள் வரை செய்கிறார்கள். பெரிய பெயர்கள் நாலைந்து. அவற்றின் பின்னால் வார்ப்பு, கியர், ரப்பர், ஸ்பிரிங் என்று பாகம் செய்து கொடுக்கும் சிறிய ஆலைகள் வரிசை வரிசையாக. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் இளைஞர்களைக் கேட்டால் நிரந்தரம் என்று சொல்பவர் குறைவு. ஒப்பந்தம், ட்ரெயினி, அப்ரண்டிஸ். வேலை வாங்குவது ஒரு கம்பெனி, சம்பளம் போடுவது ஏஜென்சி, கையெழுத்திட்ட காகிதத்தில் மூன்றாவது பெயர். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும். 480 என்ற எண் இங்கே தொழிலாளிக்கும் தெரியும், ஏஜென்சிக்கும் தெரியும். அதை எட்டுவதற்குள் ஆளை மாற்றுவதும், வேறு பெயரில் புதிதாகச் சேர்த்துக் காட்டுவதும் தொழிற்பேட்டைகளில் பழகிப்போன வழி. இதில் ரோஜர் ஸ்மித் யார்?

யூனிலீவரை அந்தப் பாட்டு அசைத்ததற்கு இன்னொரு காரணம், அது சோப்பும் ஷாம்பூவும் விற்கும் நிறுவனம். பாட்டைப் பார்த்தவரின் குளியலறையிலேயே அதன் பெயர் இருந்தது. நற்பெயர்தான் அதன் சரக்கு, சூழலைக் காக்கும் நிறுவனம் என்று உலக மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் சோஃபியா கால்வைத்து நின்றார். ஓசூரின் சிறிய பாக ஆலைக்கு எந்த வீட்டிலும் பெயர் கிடையாது. அதன் ஸ்பிரிங் யாரோ ஒருவர் வண்டிக்குள் இருக்கிறது, அவருக்கே தெரியாது. வாங்குபவர் வெட்கப்படவும் வழியில்லை, விற்பவர் வெட்கப்படவும் தேவையில்லை. முதலாளித்துவத்தின் பேராசை மூரின் காலத்தைவிட இன்று பெருத்திருக்கிறதா என்பதல்ல என் கவலை. அது முகத்தைக் கழற்றி வைத்துவிட்டது, அதுதான் கவலை.

ஃபிளின்ட்டும் இதைப் பிறகு அனுபவித்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக நகரத்தின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். சில மாதத்திலேயே, அக்டோபரில், ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே இயங்கிவந்த தன் இன்ஜின் ஆலைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி வேறு இணைப்புக்குப் போய்விட்டது. இன்ஜின் பாகங்கள் அரிக்கின்றன என்பது காரணம். அதே தண்ணீரை நகரத்துக் குழந்தைகள் இன்னும் ஓராண்டு குடித்தார்கள். பழைய குழாய்களின் ஈயம் அவர்கள் ரத்தத்தில் ஏறியது. 2015 அக்டோபரில்தான் குடிநீரை மீண்டும் மாற்றினார்கள். மூர் 1989இல் எடுத்த எந்தக் காட்சியும் இதன் அருகில் நிற்காது. ஆனால் இந்த முறை ஒரே ஒரு ரோஜர் இல்லை: நகர நிர்வாகம், மாநிலம் அமர்த்திய அவசரகால மேலாளர், நீர்த்துறை, சுகாதாரத் துறை என்று பொறுப்பு சிதறியிருந்தது. மக்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டு, 2021இல் 62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் வாங்கினார்கள். முகம் இல்லாத குற்றத்தை அங்கே பிடித்தது தண்ணீர்ச் சோதனை அறிக்கையும் ஒரு குழந்தைகள் மருத்துவரின் ரத்தப் பரிசோதனைக் கணக்கும் தாய்மார்கள் பாட்டிலில் பிடித்து வைத்த பழுப்புத் தண்ணீரும்.

கொடைக்கானலிலும் முகம் மங்கியபின் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். 2018இல் சோஃபியா, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, இசைக் கலைஞர் அம்ரித் ராவ் சேர்ந்து ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’ என்று இரண்டாவது பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆலை மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவு, ஐரோப்பாவில் ஏற்க மாட்டாத தளர்வு என்பது அதன் குற்றச்சாட்டு. கலையாக முதல் பாட்டைவிட அது ஆழமானது. கர்நாடக இசையும் ராப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஆனால் முதல் பாட்டின் ஓட்டம் இதற்குக் கிடைக்கவில்லை. தொழிலாளிக்குப் பணம் கொடு என்பது எவருக்கும் உடனே புரியும். மில்லிகிராம் கணக்கு அப்படிப் புரியாது. அதிகாரிகள் நிர்ணயிக்கும் ஓர் அளவுக்குள் பேராசை ஒளிந்துகொண்டால், நையாண்டி அங்கே நுழையப் பெரிதும் உழைக்க வேண்டும்.

ஆகவே கெலவரப்பள்ளிக்கு ஒரு பாட்டோ நாடகமோ எழுத நினைக்கும் இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது மூரைப் போலக் கதவு தட்டுங்கள் என்பதல்ல. இங்கே தட்டினால் ஏஜென்சிக்காரர்தான் திறப்பார், அவரும் மாதச் சம்பளக்காரர். மூரின் படத்திலேயே நிறுவனத்துக்காகப் பரிந்து பேசிய ஒரு அலுவலர் வருகிறார். படம் முடியும்போது அவர் வேலையும் போய்விடுகிறது. முதலில் ஆவணம் வேண்டும். எந்த ஆலை எந்த ஓடையில் விடுகிறது, எந்த மாதம் நுரை கூடுகிறது, எந்த வயலில் எந்தப் பயிர் கருகியது, யாருக்கு 470ஆம் நாளில் வேலை போனது என்று தேதி பிசகாமல் எழுதி வைக்கும் ஒரு குழு. விவசாயியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதில் சேர்ந்தே இருக்க வேண்டும். இப்போது இவர்கள் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்: அப்பா கால்வாய்த் தண்ணீரில் தோட்டம் செய்கிறார், மகள் கம்பெனி பஸ் ஏறுகிறாள். நிலத்தில் கட்டுபடியாகாததால்தான் அவள் பஸ் ஏறினாள். இந்த ஒரு குடும்பத்தை நடுவில் வைத்தால், ஆறும் ஆலையும் தனித்தனிக் கதையாகப் பிரிந்து போகாது. மூர் ஃபிளின்ட்டின் மனிதர்களைக் காட்டிய அந்த நெருக்கம் இங்கே வேண்டும், ஆனால் சிரிப்பு அவர்கள் மேல் விழக்கூடாது.

மொழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே டீக்கடையில் புழங்குகின்றன. நுரை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் பாட்டு புரிய வேண்டும். பெல்லந்தூர் ஏரிக்கரையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்பவர்களும் அதே நுரையின் நாற்றத்தில்தான் ஜன்னலைச் சாத்தி வைக்கிறார்கள். ஏரியைக் காக்க அங்கேயும் குழுக்கள் இயங்குகின்றன. எல்லையைக் காட்டி இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் தப்பிக்கும்வரை, எல்லைக்கு இரு புறமும் பாடும் பாட்டு மட்டுமே அவர்களை நெருங்கும். கன்னடத்தில் ஒரு சரணம், தமிழில் ஒரு சரணம், பல்லவியில் ஆலைகளின், வாரியங்களின், ஏஜென்சிகளின் பெயர்கள், அவரவர் விட்ட அளவும் தேதியும் சேர்த்து, ஆண்டுதோறும் மதகு திறக்கும் வாரத்தில் தென்பெண்ணையின் இரு கரையிலும் பாடட்டும்.